அப்புச்சி சொல்றேன், வாங்கிப்போடு கண்ணு

வாங்கு கண்ணு. கண்டிப்பா வாங்கோணும். உங்கம்மா வேண்டாங்கறாளா? என்ர மகளை எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளைக்குச் சத்தம் போடுவா, அப்பறம் அந்த வண்டி மேலயே துணியக் காயப்போடுவா. நீ போன்ல காமிச்ச போட்டோ நெம்ப அம்சம். சிவப்பு டேங்கு, பளபளன்னு சைலன்சரு, பின்னால தென்னந்தோப்பு. வண்டியை விடத் தோப்பை நல்லாப் பாத்துக்கறாங்கன்னு தெரியுது. 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, வெலை 75 ஆயிரம், "ரன்னிங் கண்டிஷன், சின்ன வேலைதான் இருக்குது"ன்னு எழுதியிருக்கறான். ரன்னிங் கண்டிஷன்ல இருக்கற வண்டியை எதுக்கு டெம்போவுல ஏத்தி அனுப்பறேங்கறான்? சும்மா கேட்டேன். நீ வாங்கு.

அதை "வின்டேஜ்" வண்டின்னு வேற உங்கம்மாகிட்டச் சொன்னியாம். அவ மெரண்டு போயி என்னையக் கேக்கறா, "என்னுங்கப்பா, பையன் எதாச்சும் நகை வாங்கறானா?" சட்டப்படி பாத்தா உன்ர வண்டி இன்னும் கைக்கொழந்தை. மத்திய சர்க்கார் 2021ல போட்ட விதியில, 50 வயசு தாண்டுன வண்டிக்குத்தான் அந்தப் பட்டம். இந்தியாவுல மொத ஆர்எக்ஸ் 100 எறங்குனதே 1985 கடைசியில. உன்ர வண்டிக்கு 50 ஆகறதுக்கு 2042 வரைக்கும் பொறுக்கோணும். பொறுத்தீன்னா 20 ஆயிரம் ரூவா கட்டிப் பதிஞ்சு, நம்பர் பிளேட்டுல "விஏ"ன்னு எழுத்துப் போட்டுக்கலாம். ஆனா அதுக்கப்பறம் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாம், தெனமும் சரவணம்பட்டிக்கு ஆபீசுக்கு ஓட்டிக்கிட்டுப் போகமுடியாது. அதனால அதுக்கு வயசாகறதுக்குள்ள வாங்கிப்போடறதுதான் புத்திசாலித்தனம்.

வண்டியை நான் குத்தஞ் சொல்லலை. 98 சிசி, 11 குதிரை சக்தி, நாலு கியர், எடை ஒரு குவிண்டாலுக்குக் கிட்டத்தட்ட. அதுவரைக்கும் நாங்க ஓட்டுன வண்டிக்கெல்லாம் உதைக்க ஒரு ஆளு, தள்ள ரெண்டு ஆளு வேணும். இது வந்தப்போ ஊருப் பசங்களுக்குக் கால் தரையில நிக்கலை. சங்கிலி அறுத்தவனும் இதுலதான் போனான், தொரத்துன போலீஸ்காரரும் இதுலதான் போனாருன்னு அப்போ ஒரு பேச்சு. டெல்லிப் பக்கத்துல எஸ்கார்ட்ஸ் கம்பெனிக்காரங்க மொதல்ல ஜப்பான்ல இருந்து வந்த சாமானைப் பூட்டி வித்தாங்க, அப்பறம் எல்லாத்தையும் இங்கயே பண்ணுனாங்க. மொத லாட்டுல வந்தது கொஞ்ச வண்டிதான். இன்னைக்குச் சந்தையில நிக்கறது அத்தனையும் அந்த மொத லாட்டாம்! 1995ல வாங்குனவன் கூட நெஞ்சை நிமித்தி "ஜப்பான் இன்ஜினுங்க"ங்கறான். 1996ல புகைக்குச் சட்டம் கெடுபிடியாச்சு, ஆர்எக்ஸ் 100 நின்னுபோச்சு. நின்னதுக்கப்பறம் பொறந்த பசங்களுக்குத்தான் அது மேல இத்தனை காதல்.

அதே 1985ல வந்த இன்னொரு வண்டி ஹீரோ ஹோண்டா சிடி 100. மாப்பிள்ளை, அதான் உங்கப்பா, அதுலதான் உன்னைய டேங்கு மேல உக்கார வெச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. சத்தமில்லை, புகையில்லை, எப்போ பெட்ரோல் ஊத்துனோம்னே மறந்துபோயிரும். கடைசியில பழைய இரும்புக்காரன் எடைக்குப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனான். ஆரும் அழுகலை, ஆரும் போட்டோ புடிக்கலை. நம்ம ஓசூர்லயே 1984ல இருந்து பண்ணுன சுசுகி ஏஎக்ஸ் 100ம் அப்பிடித்தான். ரெண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கிட்டு நான் சொசைட்டிக்குப் போன வண்டி. தமிழ்நாட்டு மண்ணுல பூட்டுன ஜப்பான் வண்டி. அதைத் தேடற ஆளு கம்மி, அதனால வெலையும் கம்மி. வேலை கத்துக்கறதுக்கு அதை விட நல்ல வண்டி கெடைக்காது. ஆனா உன்ர சிநேகிதனுங்க முன்னால கொண்டுபோயி நிறுத்துனா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். அது ஆகாது. நீ ஆர்எக்ஸையே வாங்கு.

போறப்ப ஒண்ணு பண்ணு. ஒம்பது மணிக்கு வாறேன்னு சொல்லிப்போட்டு ஏழு மணிக்கே போயி நில்லு. வண்டியை வாங்கோணும்னு வந்தவனாட்டம் போகாதே, வழி கேக்க வந்தவனாட்டம் போ. போன ஒடனே ஆர்எக்ஸைப் பத்தி நீ படிச்சதையெல்லாம் ஒப்பிக்காதே, இன்ஜின் மேல கையை வை. சுட்டுதுன்னா, உனக்கு முன்னாடியே அவன் உதைச்சு உதைச்சுச் சூடு பண்ணி வெச்சிருக்கறான்னு அர்த்தம். ஆறிக் கெடக்கற வண்டி ரெண்டு ஒதையில புடிக்குதான்னுதான் பாக்கோணும். சூடா இருந்தா காப்பி கேளு. காப்பி குடிச்சதுக்கப்பறம் அவங்க ஊருக் கோயிலைப் பத்திக் கேளு. மனுசன் கோயிலைப் பத்திப் பேசற நேரத்துல எந்த இன்ஜினும் ஆறிப்போகும்.

பெயிண்டு பளிச்சுன்னு இருக்குதேன்னு மயங்காதே. கண்ணபுரம் சந்தையில வயசான மாட்டைக் கொண்டாறவன் கொம்பைச் சீவி, வர்ணம் அடிச்சு, கழுத்துக்குச் சலங்கை கட்டித்தான் நிறுத்துவான். பல்லைப் புடிச்சுப் பாக்க விடமாட்டான். வண்டிக்குப் பல்லு எங்க இருக்குது தெரியுமா? இன்ஜின் கவர்ல இருக்கற ஸ்டார் ஸ்குரூவுல. ஜப்பான்காரன் போட்ட ஸ்டார் ஸ்குரூ பாக்கறதுக்கு மத்ததாட்டமே இருக்கும், ஆனா அதோட வெட்டு வேற. நம்மூரு கடையில வாங்குன ஸ்குரூடிரைவரை அதுல வெச்சு அமுத்தித் திருகுனா வழுக்கி, வெட்டைத் தேச்சுப்போடும். அப்பறம் சுத்தியல் வரும், உளி வரும். அதனால கீழ குத்தவெச்சு உக்காந்து ஒவ்வொரு ஸ்குரூவாப் பாரு. வெட்டு கூர்மையா இருந்தா, அந்த இன்ஜினை ஆரும் தொடலை, இல்லாட்டித் தெரிஞ்சவன் தொட்டிருக்கறான். மூஞ்சி செதஞ்சு கெடந்தா எத்தனை பேரு உளியோட வந்து போனாங்கன்னு அதுவே சொல்லும். விக்கறவன் என்ன வேணாலும் சொல்லுவான் கண்ணு, ஸ்குரூவுக்குப் பேசத் தெரியாது பாரு, அதனால பொய்யும் சொல்லாது.

டேங்கு மூடியைத் தொறந்து போன் லைட்டை அடிச்சு உள்ள பாரு. செகப்பாத் துரு தெரிஞ்சா, "கொஞ்ச நாளா நிறுத்தி வெச்சிருந்தேனுங்க"ன்னு சொல்லுவான். அவன் கொஞ்ச நாளுங்கறது உன்ர வயசுல பாதி இருக்கும். ஒரு காந்தத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போ. டேங்குல காந்தம் ஒட்டாத எடத்துல தகரத்துக்குப் பதிலா பட்டிதான் இருக்குது. ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் மெதுவாத் திருப்பு, நடுவுல டக்குனு ஒரு எடத்துல போயி உக்காந்தா கோன் செட்டுப் போச்சு. அது சின்ன வேலைதான். கழுத்துக்கிட்டச் சேஸிசுல வெல்டிங் வெச்ச தடம் இருந்தா, அது வேலையில்லை; அந்த வண்டி எங்கயோ போயி மோதி எந்திரிச்சு வந்திருக்குது. கும்புட்டுப்போட்டு வந்துரு.

இனி இன்ஜின். டூ-ஸ்ட்ரோக்குன்னா வால்வு கெடையாது, கேம் கெடையாது, எளசான இன்ஜின், நானே பிரிச்சுப் பூட்டுவேன்னு சொல்றியாமே. வாஸ்தவந்தான். ஆனா பிஸ்டன் மேல வெடிக்கற வேலைய மட்டும் பாக்கலை. கீழ எறங்கறப்போ கிராங்க் கேசுல இருக்கற பெட்ரோல் கலவைய அமுக்கி மேல தாட்டி விடறதும் அதோட வேலைதான். அப்போ கிராங்க் கேசுல காத்துப் போகாம அடைச்சு வெச்சிருக்கறது ஆரு? கிராங்குக்கு ரெண்டு பக்கமும் இருக்கற ரெண்டு ரப்பர் சீல். அதுதான் உசுரு. இடப்பக்கம் மேக்னெட்டுக்கு உள்ள இருக்கற சீல் காஞ்சு வெடிச்சா வெளிக்காத்து உள்ள போகும், பெட்ரோலுங் கொறையும் ஆயிலுங் கொறையும், வண்டி என்னமோ மின்னைக் காட்டியும் நல்லா பறக்குதேன்னு நீ சந்தோசப்படறப்போ பிஸ்டன் ஜாம் ஆகி நடுரோட்டுல நிக்கும். வலப்பக்கத்துச் சீல் போச்சுன்னா கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். பின்னால வாறவனுக்கு ரோடு தெரியாது. ஆறுன வண்டியை எடுத்த ஒடனே கொஞ்சம் புகை வாரது சகசம். சூடாயி அஞ்சு கிலோமீட்டர் போனதுக்கப்பறமும் வெள்ளையா வந்துக்கிட்டே இருக்குதான்னு பாரு. அந்தச் சீல் வெலை கொஞ்சந்தான். ஆனா அதை மாத்தோணும்னா கிளச்சைக் கழட்டோணும், மேக்னெட்டைக் கழட்டோணும். அப்பறம் "இத்தனை தூரம் தொறந்துட்டோம், கையோட கிராங்க் பேரிங்கும் மாத்திரலாம், கனெக்டிங் ராடும் மாத்திரலாம்"னு மெக்கானிக் சொல்லுவாரு. அவரு சொல்றது நெசமாவே சரி. உன்ர "சின்ன வேலை" பெரிசாகறது இப்பிடித்தான். ஆரும் ஏமாத்தாமயே பெரிசாகும்.

கிக்கர் மேல சும்மா காலை வெச்சு ஒடம்புப் பாரத்தைக் குடு, உதைக்காதே. சித்த நேரம் தாங்கிப்போட்டு மெதுவா எறங்குச்சுன்னா கம்ப்ரஷன் இருக்குது. வெண்ணைக்குள்ள போறாப்புல எறங்குச்சுன்னா போர் தேஞ்சு போச்சு. அப்போ "எத்தனாவது போர்ல இருக்குதுங்க?"ன்னு கேளு. கம்பெனியில இருந்து வந்தது 50 மில்லிமீட்டர் போரு. தேயத் தேய லேத்துல குடுத்துக் கடைஞ்சு 0.25, 0.50, 0.75, 1.00ன்னு பெரிய பிஸ்டனாப் போட்டுக்கிட்டே போகலாம். கடைசி அளவுக்கு வந்துபோட்டா அப்பறம் ஸ்லீவ்தான். கோயமுத்தூர்ல லேத்துக்குப் பஞ்சமில்லை, கைவேலை தெரிஞ்சவங்க இருக்கறாங்க, அதனால இது பயப்படற சமாச்சாரமில்லை. ஆனா அவன் உன்னைய நேராப் பாத்து "ஸ்டாண்டர்டு போருங்க, ஒருக்காக் கூடத் தொறக்கலை"ன்னான்னா, நீ குனிஞ்சு ஸ்குரூவைப் பாரு.

இன்னொரு கெரகம், 100க்கு மேல 135ஓட பிளாக்கைத் தூக்கி வெச்சுப் பூட்டறது. சைலன்சருக்குள்ள இருக்கற தடுப்பைப் புடுங்கிப்போடறது. ஊரே திரும்பிப் பாக்கும். பாக்கறவங்கள்ல ஒருத்தரு காக்கிச் சட்டை போட்டிருப்பாரு.

இப்போ முக்கியமான பேச்சுக்கு வாறேன், நீ கொட்டாவி விடற எடம் இதுதான். பேப்பர். உன்ர தலைமுறைக்கு இன்ஜின் சத்தம் கேட்டாக் கண்ணு கலங்குது, ஆர்சி புக்கைக் காட்டுனாத் தூக்கம் வருது. வண்டி பதிஞ்சா 15 வருசத்துக்குச் செல்லும், அதுக்கப்பறம் 5 வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கோணும். 1992 வண்டின்னா 2007, 2012, 2017, 2022ன்னு நாலு வாட்டி புதுப்பிச்சிருக்கோணும். எத்தனை வாட்டி நடந்திருக்குதுன்னு எண்ணிப் பாரு. நடக்காம விட்டிருந்தா, பாக்கி அபராதம் உன்ர தலையில, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால வண்டியைக் கொண்டுபோயி நிறுத்தறதும் நீதான். அவரு சேஸிஸ் நம்பர் மேல பேப்பரை வெச்சுப் பென்சில்ல தேச்சு எடுப்பாரு. அதை நீ மொதல்லயே பண்ணிப் பாத்துக்க. ஆர்எக்ஸ் 100ன்னா நம்பர் 1எல்1ன்னு ஆரம்பிக்கோணும். பளபளன்னு புதுசா அடிச்ச பெயிண்டுக்குள்ள அந்த நம்பர் மூழ்கிக் கெடந்தாலோ, எழுத்து ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் குத்தியிருந்தாலோ, காப்பிக்குத் தேங்க்ஸ் சொல்லிப்போட்டுக் கெளம்பு.

ஓனர் பேரைப் படி. வித்துக்கிட்டு நிக்கறவன் பேரா அது? பல வண்டியில ஓனரு செத்து வருசக்கணக்காச்சு. "நம்ம பெரியப்பா வண்டிதானுங்க"ம்பான். பெரியப்பா மேலோகத்துல இருந்து 29ம் நம்பர் பாரத்துலயும் 30ம் நம்பர் பாரத்துலயும் கையெழுத்துப் போட வரமாட்டாரு. அதுக்கு 31ம் நம்பர் பாரம் தனியா இருக்குது. எறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பெரியப்பனோட மக்க எல்லாத்தோட சம்மதம். அதுல ரெண்டு பேரு பேசிக்கறதே இல்லைன்னு அப்பறந்தான் தெரியும். அடுத்தது, புக்குல கடன் இருக்குதான்னு பாரு. நம்ம சீமையில பைனான்ஸ்ல வாங்காத வண்டி ஏது? தவணை கட்டி முடிச்சிருப்பான், புக்குல கடனை அடிக்காம விட்டிருப்பான். குடுத்த பைனான்ஸ் கடை இருந்த எடத்துல இப்போ பேக்கரி நடக்கும். தடையில்லாச் சான்றைப் பப்ஸ் மடிக்கற தாளுலயா எழுதி வாங்குவே? இன்ஜினுக்கு எத்தனை வேலை இருந்தாலும் காசு குடுத்தா முடிஞ்சுபோகும். பேப்பருக்கு இருக்கற வேலை காசு குடுத்தாலும் முடியாது.

அப்பறம் ஒரு கேள்வி. வண்டியைப் பாத்துவெச்சிருக்கறே, மெக்கானிக்கைப் பாத்தியா? எல்லாரும் வண்டியை வாங்கிப்போட்டு மெக்கானிக்கைத் தேடறாங்க. நீ மெக்கானிக்கைத் தேடிப் புடிச்சு, அவரு "சரி"ன்ன வண்டியை வாங்கு. பழைய டூ-ஸ்ட்ரோக் தெரிஞ்சவங்க இப்போ கொஞ்சப் பேருதான், அவங்களும் போன் எடுக்கறதில்லை. எடுத்தாலும் "நாளைக்கு வாங்க தம்பி"ம்பாங்க. எந்த நாளைக்குன்னு கேக்கப்புடாது. பட்டறைக்கு நேராப் போயி ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திரு. மேக்னெட்டைப் புல்லர் போட்டுக் கழட்டறாரா, சுத்தியல்ல தட்டறாரான்னு பாரு. தட்டுனாருன்னா ஒரு டீ குடிச்சுப்போட்டு எந்திரிச்சு வா. மூலையில தார்ப்பாயைப் போத்தி ஒரு வண்டி தூசி படிஞ்சு கெடக்கும். "இது ஆருதுங்க?"ன்னு கேளு. "ஒரு ஐடிப் பையன்துங்க, சாமான் வரோணும்"னாருன்னா, அந்தப் பையனோட நம்பரை வாங்கிப் பேசு. அவனை விட உனக்குப் புத்தி சொல்ல ஆளில்லை. நான் கூட அவனுக்கப்பறந்தான். மாத்துன பழைய சாமானைத் திருப்பிக் குடுக்கறவரு நல்ல மெக்கானிக். கேக்காமயே குடுக்கறவரு கெடைச்சாருன்னா, எனக்கும் அட்ரஸ் குடு.

சாமான் வெசயத்துல, சென்னை புதுப்பேட்டையில தேடு, டெல்லி கரோல்பாக்ல இருந்து வரவழை. பெட்டியில யமஹான்னு எழுதியிருக்கறதுனால உள்ள இருக்கறது யமஹாவாயிராது. பெட்டி அடிக்கறதுக்குன்னே தனி ஆளுக இருக்கறாங்க. தேஞ்ச ஒரிஜினல் சாமான் டூப்ளிகேட்டுப் புதுசை விட மேலுங்கறது பல எடத்துல நெசம். அதனால எதைக் கழட்டுனாலும் எறியாதே.

ஓட்டறதுக்கு ரெண்டே சொல்றேன். இப்போ பங்க்குல ஊத்தறது 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலு. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். வண்டியை மாசக்கணக்கா நிறுத்தறதுன்னா டேங்கையும் கார்பரேட்டரையும் வடிச்சுப்போடு, டியூபையெல்லாம் மாத்திப்போடு. இன்னொண்ணு, ஊட்டியில இருந்து எறங்கறப்போ ஆக்சிலேட்டரை முச்சூடும் மூடிப்போட்டு கியர்லயே உருட்டிக்கிட்டு வராதே. பெட்ரோல்ல ஆயிலைக் கலந்து ஊத்தற வண்டியில பெட்ரோல் போனாத்தான் ஆயிலும் போகும். நீ காத்து வாங்கிக்கிட்டு எறங்குவே, உள்ள பிஸ்டன் வறண்டு கெடக்கும். அப்பப்போ சித்த முறுக்கி விடு.

உன்ர சிநேகிதன் எவனோ ஆர்டி 350யும் விலைக்கு இருக்குதுன்னு சொல்றானாம். எஸ்கார்ட்ஸ்காரங்க 1983ல ராஜ்தூத்துன்னு பேரு வெச்சு எறக்குன வண்டி. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், 6 கியர். நான் மேல சொன்ன செலவெல்லாம் ரெண்டு பங்குன்னு வெச்சுக்க. முன்னாலயும் டிரம் பிரேக்கு, பின்னாலயும் டிரம் பிரேக்கு. ஓடறதுக்கு யமஹா இருக்குது, நிக்கறதுக்கு மருதமலை முருகன்தான் இருக்கோணும். அதைப் பத்தி உங்கம்மா காதுல போடாதே.

முடிவாச் சொல்றேன். 75 ஆயிரம் வெச்சிருக்கறேன்னா 45 ஆயிரத்துக்கு மேல வண்டிக்குக் குடுக்காதே; மிச்சம் அதுக்குள்ள போடறதுக்கு. அந்த வெலைக்குப் பேப்பர் சுத்தமா, பெயிண்டு மங்கிப்போயி, ஸ்குரூ கெடாம ஒண்ணு கெடைக்கற வரைக்கும் பொறு. இந்தத் தென்னந்தோப்புக்காரன் வண்டி அது இல்லைன்னு எனக்குத் தோணுது. ஆனாலும் ஞாயித்துக்கெழமை போலாம், என்னையும் கூட்டிக்கிட்டுப் போ, தோப்பையாச்சும் பாத்துப்போட்டு வாறேன். அவன் வண்டியை ஓட்டிக்கிட்டே போங்கன்னு வற்புறுத்துனாலும் வற்புறுத்துவான். எதுக்கும் ரெண்டு பேரு திரும்பி வாறதுக்குப் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வெச்சுக்க.